கீழடி அறிக்கை புக்கு: ஒரு மத்தியானத்துல முடிஞ்சிருச்சு

மாநில தொல்லியல் துறை 2019 செப்டம்பர்ல வெளியிட்ட கீழடி நாலாம் கட்ட அகழாய்வு அறிக்கைய இப்பத்தான் வாங்கி படிச்சேன். அறிக்கைன்னதும் தலகாணி சைஸ்ல வரும்னு அலமாரில இடமெல்லாம் ஒதுக்கி வச்சா, வந்தது ஒல்லியா ஒரு புக்கு, நிறைய கலர் போட்டோ.

புடிச்சது என்னன்னா தேதிய சும்மா அடிச்சு விடல. ஆறு கரி சாம்பிள அமெரிக்காவுல ஃப்ளோரிடால இருக்க பீட்டா அனலிட்டிக் லேபுக்கு அனுப்பி, அதுல 353 செ.மீ. ஆழத்துல எடுத்தது கி.மு. 580ன்னு வந்துச்சுன்னு ஆழத்தோட போட்டிருக்காங்க. 353ன்னா எவ்ளோன்னு டேப் எடுத்து பாத்தேன், எங்க வீட்டு சீலிங்கே பத்தடி தான், அதுக்கும் மேல ஒன்றரை அடி! எலும்பயும் விடல, 70 சாம்பிள் புனே டெக்கான் காலேஜுக்கு போயி மாடு, எரும, ஆடு, மயில்னு பிரிஞ்சு வந்திருக்கு. பானை ஓட்டுல ஆதன், குவிரன்னு பேர கீறி வச்சிருக்க போட்டோவ மட்டும் பத்து நிமிஷம் பாத்துட்டே இருந்தேன், நம்ம எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டுவோம்ல, அதே வேல தான்.

குறைன்னா, 580ங்கறது ஒரே ஒரு சாம்பிள், அத வச்சு தான் தமிழிங்கற பழைய தமிழ் எழுத்தயே கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்கு கொண்டு போறாங்க. போகட்டும், ஆனா கெடச்ச, எழுத்து கீறுன 56 பானை ஓட்டுல எது எந்த குழி, எவ்ளோ ஆழம்னு மல்லுக்கட்ட வர்றவங்களுக்கு இந்த புக்கு பத்தாது, இது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு போட்டது. (நான் வாங்குன ஆன்லைன் கடக்காரன் அனுப்புன காப்பி நாலே நாள்ல பசை விட்டு கையோட வந்துருச்சு, அது தனி கத.)

ஆனா வேகத்துக்கு ஒரு சலாம் போடலாம். 2018ல தோண்டி 2019ல கைக்கு வந்துருச்சு. ஆதிச்சநல்லூர்ல மத்திய தொல்லியல் துறை 2004ல தோண்டுனதுக்கு அறிக்கை வர பதினஞ்சு வருஷத்த தாண்டிருச்சு. இதே கீழடில மொத ரெண்டு கட்டம் தோண்டுன மத்திய துறை ஆய்வாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரில 982 பக்கம் எழுதி குடுத்தாரு, 2025 மே மாசம் அந்த மத்திய துறையே திருத்தி தாங்கன்னு திருப்பி விட்டுருச்சு. 982 பக்கம்! அலமாரில ஒதுக்குன எடத்த அதுக்குன்னு அப்படியே விட்டு வச்சிருக்கேன்.

அஞ்சுக்கு நாலு.