ஏறி இறங்குவதா, இறங்கி ஏறுவதா: வெள்ளியங்கிரியும் ஆகாய கங்கையும்

திருப்பூர், ஈரோடு, கோயமுத்தூர்ப் பக்கம் நாலு கூட்டாளிகள் சேர்ந்து "ஞாயித்துக்கிழமை மலைக்குப் போலாமா?" என்று ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே இரண்டு இடங்களில் வந்து நிற்கும். ஒன்று, பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைத் தாண்டி ஏறும் வெள்ளியங்கிரி. மற்றொன்று கொல்லிமலை ஆகாய கங்கை அருவி. எது உயரம், எது அழகு என்றுதான் எல்லாரும் வாதாடுவார்கள். கால் கேட்கிற கேள்வி வேறு: கஷ்டம் முதலில் வருகிறதா, கடைசியிலா?

வெள்ளியங்கிரியில் முதலில் ஏற்றம். அதுவும் முதல் மலையே மூச்சை வாங்கிவிடும், ஓயாத கற்படிகள். ஆரம்ப வேகத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவுகிறவர் வெள்ளை விநாயகர் கோயிலைத் தொடும்போதே பாதி பலத்தைச் செலவழித்திருப்பார். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். நடுவில் சற்றே சமமான நடையும் கிடைக்கும். ஆறாம் மலையில் பாதை ஆண்டி சுனைக்கு இறங்கும், அதன்பின் ஏழாம் மலை செங்குத்தாக நிமிரும். திரும்பும்போது அந்த ஆறாம் மலை இறக்கம் ஏற்றமாகிவிடும் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு வழி ஏறக்குறைய 6 கிலோமீட்டர். ஏற நாலு முதல் ஆறு மணி நேரம், இறங்க மூன்று நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்க.

உச்சிக்குப் போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. ஏறுவதைவிட அதைக் கிழிக்கும் வேலை அதுதான். அதனால்தான் முதல் மலைப் படிகளில் கடைசியாக இறங்கும்போது கால் வெடவெடவென்று ஆடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டிவரும். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை ஏறுவதற்கென்று வாங்குகிறார்கள்; அது உண்மையில் உழைப்பது இறக்கத்தில்தான். தடியை ஒரு படி கீழே ஊன்றி, எடையை அதில் கொடுத்து, பிறகு காலை வையுங்க. நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்க. இறங்குமுன் ஷூ லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் விரல் முன்னால் போய் இடிக்காது.

கோடையில் வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் இரவில் ஏறுவார்கள். சூடு மிச்சம், தூக்கம் நஷ்டம். செல்போன் வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை போச்சு, பேட்டரியும் போச்சு. நெற்றியில் மாட்டும் விளக்கு தேவை. இன்னொன்று, திருப்பூர்க்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது: வியர்வையில் ஊறிய பருத்திப் பனியன் ஏழாம் மலைக் காற்றில் ஐஸ் துணி மாதிரி ஒட்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், விடாது. பாலியஸ்டர் டி-ஷர்ட் ஒன்று போட்டுக்கொண்டு, உலர்ந்தது ஒன்றைக் கவரில் கட்டி வைப்பது உத்தமம்.

கொல்லிமலையில் எல்லாம் தலைகீழ். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அறப்பளீசுவரர் கோயில் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது சிரிப்பும் செல்ஃபியுமாகப் போகும். குளியல் முடிந்து, ஈரத் துணியோடு, உச்சி வெயிலில், அத்தனை படியும் ஏற்றம். படிக்கு 15 சென்டிமீட்டர் என்றாலும் ஆயிரம் படி 150 மீட்டர். அதாவது ஐம்பது மாடிக் கட்டடம், லிஃப்ட் இல்லாமல்.

இங்கே நடக்கிற பெரிய தப்பு சாப்பாட்டில். கட்டுச்சோறை அருவிக்கரைக்குத் தூக்கிப்போய், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவார்கள். செரிமானமும் காலும் ஒரே இரத்தத்துக்குப் போட்டி போடும். நூறாவது படியில் குமட்டும். கீழே ரெண்டு வாழைப்பழமும் கொஞ்சம் கடலைமிட்டாயும் போதும், சோறு மேலே வந்த பிறகு. (குரங்குகளும் அதையே விரும்பும், கவரைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீங்க.) ஐம்பது படிக்கு ஒரு நிமிடம் நின்று ஏறுகிறவர், இருநூறு படி ஓடிப் பத்து நிமிடம் உட்காருகிறவரை முந்திவிடுவார். உட்கார்ந்தால் தசை விறைத்துக்கொள்ளும்.

இன்னொரு கஷ்டம் வண்டி. களைத்துப்போன ஆளே 70 வளைவும் இறக்க வேண்டியிருக்கிறது. ஓட்டுநரைப் பாதிப் படியோடு நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். இரண்டாம் கியரில் இறங்குங்க. பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடாகிப் பிடிமானம் குறையும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு இது இன்னும் மோசம், நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும்.

தண்ணீர் இரண்டுக்கும் ஒரே கதை: ஆளுக்கு இரண்டு லிட்டர், ஒரு லிட்டரில் ஓஆர்எஸ் பாக்கெட் முழுதாக ஒன்று. பாதிப் பாக்கெட் போட்டு மிச்சம் பிடிக்காதீங்க.

யாருக்கு எது? சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர் கூட்டத்தில் இருந்தால் வெள்ளியங்கிரி வேண்டாம். நெஞ்சு கனத்து, குளிர் வியர்வை கொட்டினால் அங்கே வண்டி வராது, ஆள்தான் தூக்க வேண்டும். மூச்சுத்திணறி இறந்தவர் செய்தி சீசனுக்குச் சீசன் வருகிறது. வயதை வைத்துப் பெண்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு, தோழிகளும் வருவதாக இருந்தால் முன்பே விசாரித்துவிடுங்க. முட்டி வலிக்காரருக்கும் வெள்ளியங்கிரி ஆகாது. மூச்சு பலவீனம், ஆனால் முட்டி நன்றாக இருக்கிறது என்பவர் ஆகாய கங்கையில் நிதானமாக ஏறி வந்துவிடலாம். மழை பெய்து அருவியில் தண்ணீர் மிஞ்சினால் அங்கே குளிக்க விடமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க.

முடிவு வரவில்லையா? இரண்டு வாரம் முன்னால் எல்லாரும் சென்னிமலைக்குப் போங்க. 1,320 படி, காலை ஆறு மணிக்கு நிற்காமல் ஏறி, படியிலேயே இறங்கிப் பாருங்க. ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்தவர் பெயரை ஒரு பக்கம், இறங்கும்போது முட்டியைப் பிடித்தவர் பெயரை இன்னொரு பக்கம் எழுதுங்க. எந்தப் பக்கத்தில் பெயர் சேர்ந்தாலும் வெள்ளியங்கிரியை விட்டுவிடலாம்; மூச்சுப் பக்கம் மட்டும் என்றால் ஆகாய கங்கைக்கு நிதானமாகப் போகலாம்.