உப்புக்காத்துல கிடக்குற தேக்கு பெஞ்சுக்கு டீக் ஆயில்: மூணு வருஷம் போட்டுப் பாத்துட்டு எழுதுறேன்

வீடு மண்டபம் பக்கம், கடல் அஞ்சு நிமிஷ நடை. வாசல்ல ஒரு தேக்கு பெஞ்சு வருஷம் முழுக்க வெளியவேதான் கிடக்கும். காலைல டீ குடிக்குறதுலேர்ந்து ராத்திரி காத்து வாங்குற வரைக்கும் அப்பாவுக்கு அதுதான் இடம், அதனால அது கெட்டுப்போறத என்னால பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

முதல்ல போட்டது கண்ணாடி மாதிரி பளபளக்குற பி.யூ (பாலியூரித்தேன்) பாலிஷ். வெளியில போடலாம்னுதான் டப்பாலயும் இருந்துச்சு, கடைலயும் சொன்னாங்க. கச்சான் காத்து முடியுற வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு, ஐப்பசி மழைல கைப்பிடி ஜாயின்ட்ல முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு, அதச் சுத்தி மரம் கருப்பா, நகத்த வச்சு நெம்புனா காஞ்ச புண்ணு பொருக்கு மாதிரி ஏடு ஏடா வருது. ட்ரான்ஸ்பரென்ட் கோட்டிங்க தாண்டி வெயில் உள்ள போயிடும், கோட்டிங் ஒட்டிக்கிட்டு இருக்குற மரத்தோட மேல்தோலையே அது அரிச்சிடும், மரம் ஈரத்துல ஊதி வெயில்ல சுருங்கும் ஆனா அந்த கெட்டி ஏடு கூடவே வளையாது, வெடிச்ச இடத்துல தண்ணி போச்சுன்னா திரும்ப வெளிய வர வழியில்ல. உப்பு வேற ஈரத்த இழுத்து வச்சுக்கும். அத சுரண்டி எடுக்க ஆசாரிக்கு முழுசா ரெண்டு நாள் ஆச்சு.

அப்புறம்தான் டீக் ஆயில். பேரப் பாத்து தேக்குலேர்ந்து எடுக்குறதுன்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ, டங்-ங்குற மரத்து விதைலேர்ந்து எடுக்குற டங் ஆயிலோ, அதோட கொஞ்சம் வார்னிஷும் தின்னரும் கலந்ததுதான். மேல ஏடா நிக்காம மரத்துக்குள்ள இறங்கும், அதனால உரியவே உரியாது, மங்குனா லேசா தேச்சுட்டு மேலயே போடலாம். எங்க ஊருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

போடுறதுக்கு முன்னாடி நல்ல தண்ணில கழுவணும், எங்க பக்கம் போர் தண்ணியே உப்பு, அதுல கழுவி பிரயோஜனமில்ல. ரெண்டு மூணு நாள் நல்லா காயவிட்டு, 80, அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள்ல தேச்சு, தேக்குல அதோட எண்ணெயே இருக்குறதால துணில தின்னர் நனைச்சு ஒரு தடவ துடைச்சுட்டு போடுங்க. கால் மணி நேரம் கழிச்சு மிச்சத்த அழுத்தித் துடைச்சு எடுக்கலன்னா பிசுபிசுன்னு நின்னு பறக்குற மணல் பூரா ஒட்டிக்கும். பெஞ்சு காலோட அடிப்பக்கத்துக்கு மட்டும் நாலு தடவ குடுத்தேன், அறுத்த முனைதான் தண்ணிய உறிஞ்சும், போட்ட எண்ணெய் கண்ணு முன்னாடியே உள்ள போறது தெரியும். துடைச்ச துணிய சுருட்டிப் போட்டுறாதீங்க, ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பி தானா தீப்பிடிக்கும், விரிச்சு வெளிய காயப் போடுங்க.

குறை இருக்கு. பளபளப்பு கிடையாது. வருஷம் ரெண்டு தடவ போட்டே ஆகணும், நான் மழை முடிஞ்சு மாசில ஒண்ணு, மழைக்கு முன்னாடி புரட்டாசில ஒண்ணு. கார்த்திகைல கரும்புள்ளியா பூஞ்சை வரும், சோப்புத்தண்ணியும் பிரஷ்ஷும் போதும். நிறமில்லாத ஆயில் வெயில தடுக்காது, மரம் நரைச்சுடும், லேசா ப்ரவுன் கலந்தத கேட்டு வாங்குங்க.

இது தேக்குக்குத்தான். பூவரசு, வேம்பு மாதிரி மரம்னா ஆயில் விட்டுட்டு ப்ரைமர் போட்டு எனாமல் அடிங்க, வெயில உண்மையா நிறுத்துறது பெயிண்ட்ல இருக்குற நிறம்தான். பாம்பன்ல கரைல ஏத்தி வச்சிருக்குற வள்ளத்த பாருங்க, எத்தன நிறம் அடிச்சிருக்காங்கன்னு.

எது போட்டாலும் இரும்பு ஸ்க்ரூ இருந்தா கழட்டிடுங்க, துரு தேக்குல இறங்குனா கருப்புக் கறை லேசுல போகாது. கடலோரத்துக்கு 316 கிரேடு எஸ்.எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ போடுங்க, 304 கிரேடும் இங்க பழுப்பு தட்டிடும்.

அரை லிட்டர் டப்பா பெஞ்சுக்கு ரெண்டு கோட்டு வந்துச்சு. இந்த புரட்டாசிக்கும் அதே ஆயில் வாங்கி வச்சுட்டேன்.