சிவில் வார் ரிப்போர்ட்டுக்கு எந்தச் சண்டைய எடுக்கலாம்? கெட்டிஸ்பர்க், ஆன்டீட்டம், விக்ஸ்பர்க், ஃபோர்ட் வாக்னர்

அமெரிக்காவுல ஸ்கூல் போற புள்ளை வீட்ல இருந்தா இந்த ப்ராஜெக்ட் எப்படியும் ஒரு நாள் வந்து நிக்கும். சிவில் வார்ல (1861ல இருந்து 65 வரைக்கும் வட மாநிலங்களும், அடிமை முறைய விடாம பிரிஞ்சு போன தென் மாநிலங்களும் மோதுன அமெரிக்க உள்நாட்டுப் போர்) ஒரு முக்கியமான சண்டைய எடு, தேடிப் படி, ரிப்போர்ட் எழுது, க்ளாஸ் முன்னாடி நின்னு பேசு. உடனே பாதி க்ளாஸ் கெட்டிஸ்பர்க்னு கை தூக்கும். பேரு தெரிஞ்சது அது ஒண்ணுதானே, நமக்கும் அது ஒண்ணுதான் தெரியும், சரி எடுத்துக்கோடான்னு சொல்லிட்டு நாமளும் நகர்ந்துருவோம். அங்கதான் சிக்கல். எந்தச் சண்டை பெருசுங்கறது இந்த வேலைக்கு முக்கியமே இல்ல, எந்தச் சண்டைல ஒரு புள்ளை ஒரே ஒரு கேள்விய புடிச்சு, அந்தக் காலத்து காகிதத்தையே பாத்து, தானா ஒரு பதிலுக்கு வர முடியும்ங்கறதுதான் முக்கியம்.

மொதல்ல கெட்டிஸ்பர்க். 1863 ஜூலை 1ல இருந்து 3 வரைக்கும், பென்சில்வேனியால. ரெண்டு பக்கமும் சேத்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல, வடக்குப் படைக்கு ஜார்ஜ் மீட் பொறுப்பேத்தே மூணு நாள்தான் ஆகுது, எதிர்ல தெற்குப் படைக்கு ராபர்ட் லீ. லிட்டில் ரவுண்ட் டாப், டெவில்ஸ் டென், பீச் ஆர்ச்சர்ட், கடைசி நாள் தெற்கோட பிக்கெட் படை திறந்த வெளில நடந்து போயி அடி வாங்குனதுன்னு ஒவ்வொண்ணுமே தனி ரிப்போர்ட். இதெல்லாத்தையும் அஞ்சு பக்கத்துல அடைச்சா என்ன வரும், இடப் பேரும் ஜெனரல் பேரும்தான் வரிசையா வரும், கல்யாண மொய் நோட்டு மாதிரி. மெட்டீரியல் கொட்டிக் கிடக்கறதுதான் இங்க ப்ளஸ்ஸும் மைனஸும்.

எடுத்தே ஆகணும்னா ஒரு துண்டை எடுங்க. என் சாய்ஸ் வடக்கு ஜெனரல் டேனியல் சிக்கிள்ஸ். ரெண்டாவது நாள் மேல இருந்து ஆர்டர் எதுவும் இல்லாமயே தன் படைய முன்னாடி நகத்திட்டார், படை சின்னாபின்னமாச்சு, பீரங்கி குண்டுல அவர் காலும் போச்சு, அப்புறம் தான் செஞ்சதுதான் சரின்னு மீட் மேல பழியத் திருப்பி பல வருஷம் பேசிட்டே இருந்தார். அந்தக் கால் எலும்பு இன்னிக்கும் மேரிலாண்ட்ல ஒரு மருத்துவ மியூசியத்துல இருக்கு, புள்ளைங்க இதக் கேட்டா விடாதுங்க. முன்னாடி போனது சரியா தப்பான்னு ரெண்டு பக்கமும் வாதம் பண்ண ஆதாரம் இருக்கறதால ரிப்போர்ட்டும் தானா நிமிர்ந்து நிக்கும். இன்னொரு துண்டு, டெவில்ஸ் டென்ல பாறை சுவர் பக்கத்துல செத்துக் கிடக்கற சிப்பாய் போட்டோ. அலெக்சாண்டர் கார்ட்னர் குழு எடுத்தது, ரொம்பப் பேர் போனது. அதே உடல் வேற ஒரு இடத்துல கிடக்கற படமும் இருக்கு, ரெண்டையும் வச்சுப் பாத்தா படத்துக்காக உடலத் தூக்கிட்டு வந்து வச்சிருக்காங்கன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டுபுடிச்சாங்க. போட்டோவ நம்பலாமாங்கறது இப்போ இருக்கற புள்ளைங்களுக்கு நல்லாவே புரியற கேள்வி.

இங்க ஒரு எச்சரிக்கை, எல்லாச் சண்டைக்கும் சேத்துதான். "51,000 பேர் செத்தாங்க"ன்னு எழுதிடுவாங்க. அது செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாமப் போனவங்க, கைதானவங்க எல்லாம் சேந்த கணக்கு. களத்துலயே செத்தது ஏழாயிரத்துச் சொச்சம். போஸ்டர்ல பெரிய எழுத்துல இந்தத் தப்பு நின்னா டீச்சர் கண்ணு நேரா அங்கதான் போகும்.

ஆன்டீட்டம் இதுக்கு நேர் எதிர். 1862 செப்டம்பர் 17, ஒரே நாள், மேரிலாண்ட்ல ஷார்ப்ஸ்பர்க் ஊர் பக்கம். காலைல சோளக்காடு, நடுப்பகல்ல பள்ளமான வண்டிப்பாதை, மதியத்துக்கு மேல பர்ன்சைட் பாலம்னு சண்டை தானாவே மூணா பிரிஞ்சு நிக்குது, மேப் வரையறதும் ஈசி. ஒரு நாள்ல சேதக் கணக்கு 23,000 கிட்ட, அமெரிக்க வரலாற்றுலயே ரத்தம் அதிகம் சிந்துன ஒரே நாள்னு இதத்தான் சொல்வாங்க. ஆரம்பமும் சினிமா மாதிரிதான், சண்டைக்கு நாலு நாள் முன்னாடி லீயோட ரகசிய ஆர்டர் காப்பி, மூணு சுருட்டோட சுத்தி வயல்ல கிடந்தது, இண்டியானா சிப்பாய்ங்க கைல கிடைச்சு வடக்குத் தளபதி மெக்லெல்லன் மேசைக்குப் போச்சு. எதிரி திட்டமே கைல, அப்பவும் மனுஷன் மெதுவாத்தான் நகர்ந்தார்.

அப்புறம் விளைவு. சண்டை கிட்டத்தட்ட டிராதான், ஆனா லீ பின்வாங்குனதால வடக்கு அத ஜெயிச்சதா சொல்லிக்க முடிஞ்சது, ஜனாதிபதி லிங்கன் காத்துட்டிருந்தது இதுக்குத்தான், அஞ்சே நாள்ல, செப்டம்பர் 22, தெற்குல அடிமையா இருந்தவங்களுக்கான விடுதலைப் பிரகடனத்தோட முதல் அறிவிப்பு வெளிய வந்துச்சு, 1863 ஜனவரி 1ல அமலுக்கு வந்துச்சு. "இந்தச் சண்டைனால என்ன மாறுச்சு"ன்னு டீச்சர் கேட்டா இவ்ளோ நேரா பதில் சொல்ற சண்டை வேற இல்லன்னு நான் நினைக்கிறேன். அந்த அக்டோபர்லயே நியூயார்க்ல போட்டோகிராஃபர் மேத்யூ பிரேடி கேலரில களத்துல செத்துக் கிடந்தவங்க போட்டோவ கண்காட்சியா வச்சாங்க. அதெல்லாம் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல இன்னிக்கு ஃப்ரீயா கிடைக்குது, ஆனா சின்னப் புள்ளைங்க கூட நீங்களும் உக்காந்து பாருங்க, சில படம் கஷ்டமா இருக்கும்.

விக்ஸ்பர்க் பொறுமை இருக்கற புள்ளைக்கு. மிசிசிப்பி ஆத்தங்கரைல மேட்டு மேல இருக்கற ஊரு, வடக்கு ஜெனரல் கிராண்ட் பல வழில முயற்சி பண்ணி, ராத்திரில கப்பல்கள பீரங்கி வரிசைக்குக் கீழயே ஓட்டிட்டுப் போயி, ஆத்தத் தாண்டி, பின்னாடி பக்கமா சுத்தி வந்து, ரெண்டு தடவ நேரா மோதியும் முடியாம 47 நாள் முற்றுகை போட்டார். 1863 ஜூலை 4ல தெற்குத் தளபதி பெம்பர்டன் சரண்டர், 29,000 பேருக்கு மேல கைதி. கெட்டிஸ்பர்க் முடிஞ்ச மறுநாளேங்கறதால பேப்பர்ல அந்தச் செய்தி இத மறைச்சிருச்சு, ஆனா ஆறு வடக்கு கைக்கு வந்து தெற்கு ரெண்டா பிளந்தது இங்கதான். போரோட போக்குக்கு எது முக்கியம்னு கேட்டா நான் விக்ஸ்பர்க்னுதான் சொல்லுவேன், சண்டைக்கு வாங்க. மைனஸ் என்னன்னா கதை மாசக்கணக்குல நீளுது, மேப் இல்லாம ஒரு வரி புரியாது. ஆனா ஜனங்க வாழ்க்கை இங்க மாதிரி எங்கயும் கிடைக்காது. குண்டுக்குப் பயந்து மண் மேட்டுல குகை வெட்டி குடும்பத்தோட இருந்தாங்க, கோவேறு கழுதைக் கறி வரைக்கும் வந்துச்சு, பேப்பர் தீந்து உள்ளூர் செய்தித்தாள சுவர்ல ஒட்டற வால்பேப்பர் பின்னாடி அடிச்சாங்க. அதுல கிராண்ட் ஜூலை 4க்கு ஊருக்குள்ள சாப்பிட வரப்போறாராம், முதல்ல முயலப் புடிங்கன்னு நக்கல். ஊர் விழுந்ததும் வடக்குச் சிப்பாய்ங்க அதே அச்சுல, முயல் புடிச்சாச்சுன்னு கீழ ஒரு குறிப்பு சேத்து அடிச்சு விட்டாங்க! இதுக்கு நினைவுப் பொருளா அடிச்ச போலி காப்பிங்க எக்கச்சக்கம், அசலா போலியான்னு பாக்கறதே ஒரு ப்ராஜெக்ட்.

ஃபோர்ட் வாக்னர் சின்னது, தென் கரோலினாவுல சார்ல்ஸ்டன் பக்கத்து தீவுல ஒரு மணல் கோட்டை, 1863 ஜூலை 18, வடக்கு தோத்த சண்டை. முன்னால போனது கறுப்பினச் சிப்பாய்கள் இருந்த 54ஆவது மாசசூசெட்ஸ் படை, கர்னல் ராபர்ட் ஷாவுக்கு 25 வயசு, அங்கயே செத்தார். அடிமை முறைய எதிர்த்துப் பேசுன கறுப்பினத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ் மகன் லூயிஸ் அந்தச் சண்டைல இருந்து பொழைச்சு கடிதம் எழுதியிருக்கார், அத அப்படியே வாசிக்க வைக்கலாம். வெள்ளைச் சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், இவங்களுக்கு 10, அதுலயும் துணிக்குன்னு 3 புடிச்சுட்டு 7. வேணாம்னு சம்பளமே வாங்காம சண்டை போட்டாங்க, 1864ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சரி பண்ணுச்சு. கொடியக் கீழ விடாத வில்லியம் கார்னிக்கு ராணுவத்தோட உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஆனர் வந்தது 1900ல. மனுஷங்க கதை புடிக்கற புள்ளைக்கு இத விட்டா வேற இல்ல, ராணுவ நகர்வு புடிக்கறவனுக்கு சப்புன்னு இருக்கும்.

புல் ரன், ஷைலோ எல்லாம் விட்டுட்டேன். புல் ரன்னுக்கு வாஷிங்டன்காரங்க கூடைல சாப்பாடு கட்டிட்டு வேடிக்கை பாக்கப் போனத எல்லாரும் எழுதித் தீத்தாச்சு.

எனக்கு ஓட்டு ஆன்டீட்டத்துக்குத்தான், காரணம் பிரகடனம் மட்டும் இல்ல. ரெண்டு பக்கத்து அதிகாரிங்க எழுதுன ரிப்போர்ட்டெல்லாம் அரசாங்கமே 128 புத்தகமா போட்டிருக்கு, நெட்ல ஃப்ரீ. அதுல மெக்லெல்லன் ரிப்போர்ட்டத் தேடி எடுத்தா லீ கிட்ட 97,000 பேருக்கு மேல இருந்தாங்கன்னு மனுஷன் எழுதி வச்சிருக்கார், உண்மைல இருந்தது 40,000 கிட்டதான். ஏன் அப்படி எழுதுனார், நிஜமாவே நம்புனாரா, இல்ல தயங்குனதுக்கு சாக்கான்னு புள்ளைய தேடச் சொல்லுங்க, அஞ்சு பக்கம் பத்தாது.