செம்மண் மைதானத்தில் சிலிகான் ஹீல் கப்: இரண்டு சீசன் பயன்பாட்டுக்குப் பிறகு

குதிகால் வலிக்கும் பிள்ளைக்கு ஷூவில் குதிகாலுக்கு அடியில் வைக்கும் கிண்ண வடிவ மெத்தைதான் ஹீல் கப். நல்ல பொருள்தான். ஆனால் அது ஷூவுக்குள் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளையோ பாதி நாள் வெறுங்காலில் இருக்கிறான். "மூணு வாரமாப் போடுறோம், ஒண்ணும் கேக்கலை" என்று சொல்லும் பெற்றோரிடம் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

எந்த வலிக்கு இந்தக் கப் என்பதில் தெளிவு வேண்டும். 8 முதல் 14 வயது வரை ஓடியாடும் பிள்ளைகளுக்கு வரும் குதிகால் வலியில் பெரும்பங்கு சீவர் நோய். 1912-இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் சீவரின் பெயரால் அப்படி அழைக்கிறார்கள். நோய் என்ற சொல் பயமுறுத்தினாலும் தொற்றோ தேய்மானமோ இல்லை. குதிகால் எலும்பின் பின்பகுதியில் வளர்தட்டு இருக்கிறது; அந்த வயதில் அது இன்னும் முழு எலும்பாகவில்லை. மேலிருந்து, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் இழுக்கிறது, கீழே உள்ளங்கால் தசைநார் இழுக்கிறது, ஒவ்வொரு குதியலிலும் தரை மோதுகிறது. பிள்ளை திடீரென வளரும் மாதங்களில் எலும்பு நீண்டுவிடும், கெண்டைக்கால் தசை அந்த வேகத்துக்கு நீளாது. இழுப்பு முழுவதும் அந்தத் தட்டின் மேல் விழுகிறது.

கண்டுபிடிக்க எளிய வழி: குதிகாலின் பின்பகுதியை இரு பக்கமும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அழுத்துங்கள். அங்கே வலித்தால் பெரும்பாலும் இதுதான். வலி அதற்கு மேலே நாணில் என்றாலோ, பாதத்தின் வெளியோர நடுமேட்டில் என்றாலோ கணக்கு வேறு. ஹீல் கப்பை மட்டும் நம்பி இருக்க முடியாது. பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வது குறைவு. ஆட்டம் முடிந்து நுனிக்காலில் நடப்பதும், உட்கார்ந்து எழுந்ததும் முதல் நாலு அடி நொண்டுவதும்தான் அடையாளம்.

இனி கப். மருந்துக் கடையில் எஸ், எம், எல் என்று கிடைப்பவை பெரியவர் அளவு. 9 வயதுப் பிள்ளைக்கு அந்த எஸ் கூடப் பெரிது. குதிகால் உள்ளே வழுக்கும், விளிம்பு மடங்கிக் கொப்புளம் போடும். தட்டையான பேட் என்றால் வெட்டிக்கொள்ளலாம், கிண்ண வடிவக் கப்பை வெட்டக் கூடாது. விளிம்பு போனால் அதன் வேலையே போயிற்று: குதிகாலின் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் பரவாமல் அணைத்துப் பிடிப்பது அந்த விளிம்புதான். பிள்ளை அளவு கிடைக்காவிட்டால் 6 மில்லிமீட்டர் அளவுக்கு ஃபோம் ஆப்பு வைப்பது மேல். குதிகாலைக் கொஞ்சம் உயர்த்தினாலே நாணின் இழுப்பு குறையும்.

வலி ஒரு காலில்தான் என்றாலும் இரண்டு ஷூவிலும் வையுங்கள். ஒன்றில் மட்டும் வைத்தால் நடை சாயும், கொஞ்ச நாளில் முழங்காலோ இடுப்போ குறை சொல்லும். கப் வைத்ததும் குதிகால் ஷூவிலிருந்து மேலே எழும்பிவிடும் என்பதால், பின்சுவர் தாழ்ந்த கேன்வாஸ் ஷூ சரிப்படாது. ஓடும்போது கழன்று வரும். ஷூவுக்குள் இருக்கும் உள் அட்டையை (இன்சோல்) எடுத்துவிட்டுக் கப்பை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகும்.

ஜெல் என்று விற்பதெல்லாம் சிலிகான் இல்லை. மலிவானவை மொட்டை மாடி வெயிலில் ஷூவோடு காய்ந்தால் பிசுபிசுக்கும், செம்மண் அதில் அப்பிக்கொள்ளும், பிறகு உப்புத்தாள் மாதிரி காலுறையை அறுக்கும். நல்ல சிலிகானிலும் மண் ஒட்டும், ஆனால் சோப்புத் தண்ணீரில் போய்விடும். நிழலில் காயவைத்து லேசாக டால்கம் பவுடர் தடவினால் போதும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது கீழே தரை தட்டுப்பட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. தினசரிப் பயிற்சியில் ஒரு ஜோடி ஒரு சீசனைத் தாண்டுவதே அபூர்வம்.

வெறுங்கால்தான் பெரிய தலைவலி. ஊர்க் கபடி மண்ணில், சிலம்பம் மண்ணில், வீட்டுக்கு வந்தால் ஆத்தங்குடிக் கல் தரை. கண்ணுக்குக் குளிர்ச்சி, குதிகாலுக்குக் கருங்கல். ஜெல் பேட் வைத்த துணி உறை ஒன்று விற்கிறார்கள். மைதானத்தில் அதற்குள் சரளை புகுந்துவிடும். கல் தரையில் வழுக்கும், ஓடும் பிள்ளைக்கு அது ஆபத்து. தோல் நிற டேப் வியர்வையிலும் புழுதியிலும் முதல் ரெய்டுக்கே உரிந்துவிடும். உருப்படியாக வேலை செய்தது, வெளியே போகாத மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடியை வீட்டுக்குள் மட்டும் போடுவது. முகப்பு தாண்டி வளவுக்குள் செருப்பா என்று அப்பத்தா முகம் சுளிப்பார். மண் படாத புதுச் செருப்பு என்று முதல் நாளே காட்டிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

அதே அப்பத்தாவின் கைவைத்தியம் ஒன்று உண்டு: செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலை போட்டு, குதிகாலை ஊன்றச் சொல்வது. பிள்ளைகளுக்கு இது வேண்டாம். தோல் பொத்துப்போகும், எருக்கம்பால் பட்டால் எரிச்சல் வேறு. ஆட்டம் முடிந்த கையோடு குளிர்ச்சிதான் இதம். சின்னத் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துணி சுற்றி, 10–15 நிமிடம் குதிகாலில் வைத்தால் போதும்.

கப் குணப்படுத்துவதில்லை, சுமையைக் குறைப்பதே குணப்படுத்துகிறது. வலி கடுமையாக இருந்தால் இரண்டு வாரம் குதிப்பதும் முழு வேக ஓட்டமும் நிற்கட்டும். சைக்கிளுக்குத் தடையில்லை, நீச்சல் தெரிந்தவன் பெரியவர் துணையோடு ஊருணியில் இறங்கலாம். பிறகு ஒரே அளவுகோல்: 0 முதல் 10 வரையில் ஆடும்போது வலி 3-ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை முதல் அடியில் வலி மிச்சமிருக்கக் கூடாது. மிச்சமிருந்தால் அன்றைய பயிற்சி பாதி. ஒற்றைக்காலில் 10 முறை குதித்தும் வலியில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் அரைப் பயிற்சியில் தொடங்கலாம். குறுவட்டப் போட்டிக்கு இன்னும் பத்தே நாள் என்று பி.இ.டி. சார் அவசரப்படுவார். அவரிடம் மறுப்பதைவிட, காலை நேர வலிக்குக் கொடுத்த எண்ணை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவது பலன் தருகிறது.

கெண்டைக்கால் நீட்சி: சுவரில் இரு கையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி. முழங்காலை நீட்டி மூன்று முறை, சற்று மடக்கி மூன்று முறை, காலையும் மாலையும். காலுறையோடு கல் தரையில் செய்யாதீர்கள், வழுக்கும். திண்ணைப் படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடும் பயிற்சியை வலி அடங்கும்வரை தள்ளிப்போடுங்கள். வளர்தட்டையே பிடித்து இழுப்பது போல ஆகிவிடும்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. குதிகால் வலிக்கும் பிள்ளையை வெறுங்காலில் தார் ரோட்டில் நடக்கவிடாதீர்கள். வேண்டுதல் என்றால் கடைசி ஒன்றிரண்டு மைல் மட்டும் நடக்கட்டும்.

எக்ஸ்ரேயைப் பார்த்து எலும்பு துண்டு துண்டாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். வளரும் குதிகால் எலும்பு பலருக்கும் வலியே இல்லாமலும் அப்படித்தான் தெரியும். இதற்கு ஸ்டீராய்டு ஊசி தேவையில்லை. வளர்தட்டு 14–16 வயதுவாக்கில் எலும்போடு சேர்ந்துவிட்டால் இந்த வலிக்கு இடமேயில்லை. அதுவரை வாரங்களில் அடங்கலாம், மாதங்களும் இழுக்கலாம், அடுத்த வளர்ச்சி வேகத்தில் திரும்பியும் வரலாம். ஆனால் இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், வீக்கம், சிவப்பு, ஆடாத நாளிலும் நொண்டல், அடிபட்ட பிறகு கால் ஊன்ற முடியாத நிலை, மற்ற மூட்டுகளிலும் காலை இறுக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் கப்பை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். வலி மாத்திரை அவர் சொல்லித்தான். பிள்ளைக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

அண்ணன் போட்ட ஷூவைத் தம்பிக்குக் கொடுக்கும் வீடுகள் அதைத் தரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதி ஒருபக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தால் எந்தக் கப் வைத்தாலும் அதே சாய்வில்தான் உட்காரும். முதல் செலவு ஷூவுக்கு, கப் அதற்கப்புறம்.