சாவி என்று எழுதியிருந்தது, மகள் திறப்பு என்று வாசித்தாள்

மகளுக்கு 20 மாதமாக இருக்கும்போது யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில் குழந்தைகளுக்கான வாசிப்புப் பெட்டி ஒன்று வாங்கினேன். 4,850 ரூபாய். இப்போது அவளுக்கு இரண்டே முக்கால் வயது, பெட்டியும் நாலு மூலையும் கிழிந்து ரப்பர் பட்டியில்தான் நிற்கிறது, ஆகவே இனி நிதானமாக எழுதலாம். வாங்கின கிழமையே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரமும் போட்டிருப்பேன், மூன்றாம் மாதம் எழுதியிருந்தால் கடைக்காரரைத் திட்டித்தான் எழுதியிருப்பேன்.

ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் இருக்கும் மச்சாள் தன் மகன் இங்கிலிஷ் சொல் அட்டைகளை மளமளவென்று வாசிக்கிற வீடியோ அனுப்பியிருந்தா. அவனுக்கு இரண்டு வயசு. அது மனதில் கிடந்து குடைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அந்தக் கடைக்காரர், "வெளிநாட்டில ஒரு வயசிலயே பிள்ளையள் வாசிக்குதுகள் தங்கச்சி, நாங்கள்தான் நேர்சறிக்குப் போகட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்" என்றார். விழுந்துவிட்டேன். வீட்டில் அம்மா பெட்டியைக் கண்டதும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஏடு தொடக்காத பிள்ளைக்கு என்னடி அவசரம்?" விஜயதசமிக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று அவ விரல் விட்டு எண்ணத் தொடங்க முன்னம் நான் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

உள்ளே உயிர் 12, மெய் 18, ஆய்தம் என்று 31 எழுத்து அட்டைகள், படத்தோடு 60 சொல் அட்டைகள், 247 எழுத்தும் அடங்கிய ஒரு சுவர்ப் படம், போனில் ஸ்கேன் செய்து பார்க்க ஒரு வீடியோ. அட்டை நல்ல தடிப்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன், தேத்தண்ணீர் ஊற்றுப்பட்டும் துடைத்து எடுத்தோம். ஆனால் மூலைகள் வளைத்து வெட்டப்படவில்லை, கண்ணில் குத்துகிற கூர். ஒரு பின்னேரம் முழுக்க நகவெட்டியோடு இருந்து 91 அட்டைக்கும் நாலு மூலை வெட்டினேன், கணக்குப் பார்த்தால் 364 மூலை. பிறகுதான் ஔ அட்டையைக் கவனித்தேன். ஒ எழுதிப் பக்கத்தில் முழு அளவில் ள போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பழகுகிற பிள்ளை ஔவையை ஒ, ள, வை என்று பிரித்துத்தானே வாசிக்கும்? எழுத்துப் படிப்பிக்கிறோம் என்று காசு வாங்குகிறவர்கள் இதை விடலாமா. வீடியோவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது, அதைவிட அந்தப் பின்னணி இசையை எங்கள் வீட்டில் ஒருவராலும் தாங்க முடியவில்லை.

துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்த முறை இதுதான்: ஒரு நாளைக்கு மூன்று தரம், தரத்துக்கு ஐந்து அட்டை, ஒவ்வொன்றையும் ஒரு செக்கன் காட்டிச் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்தது. ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் க்ளென் டோமன் என்பவர் 1964இலேயே இப்படிப் பெரிய சிவப்பு எழுத்தில் முழுச் சொல்லாகக் காட்டச் சொல்லிப் புத்தகம் போட்டுவிட்டார்.

நாங்கள் ஒழுங்காகத்தான் செய்தோம். ஆறாம் கிழமை அளவில் மகள் இருபது அட்டை வரை சொன்னாள். மாமி கை தட்டினா, நான் வீடியோ எடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன், ஏன் பொய் சொல்ல, கொஞ்சம் பழிவாங்குகிற மாதிரித்தான் அனுப்பினேன். பெட்டி எங்கே அச்சடித்ததோ தெரியாது, சொற்கள் எங்கட வீட்டுச் சொற்கள் இல்லை. பப்பாசிப் படத்துக்குக் கீழே பப்பாளி, தோடம்பழத்துக்குக் கீழே ஆரஞ்சு, யன்னலுக்குக் கீழே சன்னல். அவற்றை ஒரு பக்கம் எடுத்து வைத்திருந்தேன். ஒருநாள் அவள் அதற்குள்ளிருந்து ஒரு அட்டையைத் தானே இழுத்தாள். திறப்புப் படம், கீழே பெரிதாகச் சாவி. அவள் எழுத்துக்குக் கீழே சுட்டுவிரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தி, மிகவும் நிதானமாக, "தி... றப்... பு" என்றாள். மாமி அதற்கும் கை தட்டினா.

நான் சிரிக்கவில்லை. மாம்பழ அட்டையை எடுத்துப் படத்தைக் கையால் மறைத்து எழுத்தை மட்டும் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுக்கச் சொல்லி என் விரலைக் கிள்ளினாள். இன்னும் எட்டுப் பத்து அட்டையில் பார்த்தேன், இரண்டுதான் சரி, அதில் ஒன்று மூலை மடிந்திருந்த பூனை அட்டை, அந்த மடிப்பை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். விரல் நகர்த்தினது வாசிப்பு இல்லை, நான் செய்வதைப் பார்த்துச் செய்த நடிப்பு. கெட்டிக்காரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அந்தக் கெட்டித்தனத்துக்கும் பெட்டிக்கும் சம்பந்தமில்லை.

அதன் பிறகுதான் தேடி வாசித்தேன். சூசன் நியூமன் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஒரு ஆய்வு: 9 முதல் 18 மாதம் வரையான 117 குழந்தைகள், ஒரு பகுதியினருக்கு ஏழு மாதம் வாசிப்புப் பயிற்சி டிவிடியும் அட்டைகளும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 14 விதமாகச் சோதித்துப் பார்த்ததில் 13இல் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை. மிச்சம் அந்த ஒன்று என்னவென்றால், பயிற்சி கொடுத்த தாய் தகப்பன் தங்கள் பிள்ளை வாசிக்கிறது என்று உறுதியாக நம்பினார்களாம். வாசித்துவிட்டு மச்சாளுக்கு அனுப்பின வீடியோவை அழித்தேன். அமெரிக்காவில் இப்படி ஒரு டிவிடி விற்ற கம்பனி மீது 2012இல் அரசாங்கத்தின் வர்த்தக ஆணையம் பொய் விளம்பரம் என்று வழக்கே போட்டிருக்கிறது. நம்மூரில் யார் போடப் போகிறார்கள். கடைக்குக் கொண்டுபோனேன், திறந்த பெட்டியைத் திருப்பி எடுப்பதில்லையாம். சரி.

என்னுடைய எண்ணம், முழுச் சொல்லாகப் பார்த்து மனப்பாடம் செய்கிற வேலை தமிழுக்குத் தேவையே இல்லை. இங்கிலிஷில் எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறொன்றாகவும் இருப்பதால் சில சொற்களை முகம் பார்த்துத்தான் பழக வேண்டும். தமிழில் எழுத்தைத் தெரிந்தால் போதும், கூட்டிச் சொல்லிவிடலாம். ஆனால் கொ, கோ மாதிரி எழுத்துகளுக்கு உயிர் ஒலி பின்னால் வர, அதன் குறி முன்னாலும் பின்னாலும் நிற்கும். இரண்டு வயதில் அது விளங்காது, விளங்க வேண்டிய அவசரமும் இல்லை, முதலாம் வகுப்பே ஐந்து வயதில்தானே.

அப்புறம் பெட்டியை எறிந்தேனா என்றால் இல்லை. சுவர்ப் படத்தில் அவளுடைய பெயரின் முதல் எழுத்தான யா-வை மட்டும் வட்டமிட்டேன். இது ய, இதுக்கு அரவு போட்டால் யா, அவ்வளவுதான் சொன்னது. ஒரு நாள் கஸ்தூரியார் வீதியால் ஸ்கூட்டரில் வரும்போது முன்னால் நின்றவள், "அம்மா, என்ர யா!" என்று கத்தினாள். கடைப் பலகையில் விலாசத்தின் கடைசியில் யாழ்ப்பாணம். அடுத்த கடையிலும் யாழ்ப்பாணம். அதற்கடுத்ததிலும். வீடு வரும்வரை டவுன் முழுக்கத் தன் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு. படமில்லாத இடத்தில், நான் காட்டாமல், அவள் தானாகக் கண்டுபிடித்த முதல் எழுத்து அது.

இப்போது இரவில் மடியில் வைத்து ஒரு கதைப் புத்தகம், எப்போதாவது பொது நூலகத்தின் சிறுவர் பகுதி. ஒரே யானைக் கதையைப் பதினைந்தாம் தரமும் கேட்கிறாள், ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் சண்டை. அட்டைகளைக் கடை விளையாட்டுக்குக் காசாகப் பாவிக்கிறாள், தக்காளி அட்டைதான் ஆயிரம் ரூபாய்த் தாள்.

நட்சத்திரம் இரண்டு, அதுவும் தடிப்புக்கும் சுவர்ப் படத்துக்கும். சுவர்ப் படம் மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள். பெட்டியேதான் வேண்டுமென்றால் காசு கொடுக்க முதல் திறந்து காட்டச் சொல்லி ஔ அட்டையைப் பாருங்கள், பக்கத்தில் முழு ள நின்றால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.