மலை மண் ரோட்டுக்குக் கேம்பரா, வி-கிராஸா?

இரண்டும் பிக்கப் வண்டிகள், இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மச்சானின் 2017 மாடல் இசுசு வி-கிராஸை இரண்டு மழைக்காலம் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் ஓட்டினேன். அப்புறம் சொந்தக் காசைப் போடவேண்டி வந்தபோது நான் வாங்கியது மஹிந்திராவின் பழைய பொலிரோ கேம்பர், ஃபோர் வீல் டிரைவ், பிஎஸ்4 (முந்தைய புகை விதிக்காலத்து எஞ்சின்). இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் வாங்குவேன். டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப்பை நான் ஓட்டியதில்லை, விலையும் நம் கைக்கு எட்டாது, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

ஓட்டுகிற சுகத்தில் போட்டியே கிடையாது, வி-கிராஸ்தான். அந்த 2017 மாடலுக்கு 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் இழுவை. என் கேம்பரின் எஞ்சின் 2523 சிசி என்றாலும் குதிரைத்திறன் அதில் பாதிகூட வராது, வத்தலக்குண்டிலிருந்து பாரத்தோடு ஏறும்போது அது நன்றாகவே தெரியும். வி-கிராஸில் திருகு சுவிட்சைத் திருப்பினால் ஓட்டத்திலேயே நான்கு சக்கரமும் இழுக்கும், மெதுவாக, அதிக இழுவையோடு போகிற 4எல் கியருக்கு மட்டும் நிறுத்தவேண்டும். ஆனால் நீளம் 5.3 மீட்டர். தோட்டத்துக் கொண்டை ஊசியில் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் எடுக்காமல் திரும்பாது. கேம்பர் 5 மீட்டருக்கு உள்ளேதான், ஒரு டன் பாரமும் தாங்கும்.

இதெல்லாம் எங்கேயும் படிக்கலாம். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: வண்டி படுத்துவிட்டால் யார் கை வைப்பார்கள், சாமான் எங்கிருந்து வரும்?

கவுஞ்சிப் பக்கம் ஒரு ஓடையைக் கடக்கும்போது வி-கிராஸைப் பாறைமேல் ஏற்றிவிட்டேன், முன் ஆக்சில் பூட் கிழிந்தது. தப்பு முழுக்க என்னுடையது. கைப்பிடி அளவு ரப்பர்தான், ஆனால் கிழிந்தால் கிரீஸ் வெளியே வந்துவிடும், சேறு உள்ளே போய் ஜாயிண்டையே தின்றுவிடும், அதனால் அப்படியே ஓட்டவும் முடியாது. மேலே எந்தக் கடையிலும் இல்லை. மதுரையில் சொல்லிவைத்து, வரவழைத்து, பஸ்ஸில் போட்டு வாங்கி மாட்ட எட்டு நாள் ஆனது. கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம், அந்த எட்டு நாளும் ஒட்டன்சத்திரத்துக்கு வாடகை வண்டிதான் போனது. மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

கேம்பரிலும் ஒடிந்திருக்கிறது. போன ஐப்பசியில், மழையில், பாரத்தோடு ஒரு பள்ளத்தில் இறக்கியபோது பின்பக்கப் பட்டைக் கட்டின் (லீஃப் ஸ்பிரிங்) சென்டர் போல்ட் அறுந்தது. ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து வண்டி நண்டு மாதிரிக் கோணலாக வந்தது. ஊர்ந்து ஊர்ந்து ஒர்க்‌ஷாப் வரை கொண்டுபோனேன். "இதுக்கா முகம் இப்படி இருக்கு? போய் டீ குடிச்சுட்டு வாங்க தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். தார்ப்பாயைக் கட்டி, சேஸிஸுக்கு அடியில் யூகலிப்டஸ் கட்டையை முட்டுக்கொடுத்து, கிளாம்ப் போட்டுப் பட்டைகளை நெருக்கி, டப்பாவில் துழாவி எடுத்த புது போல்ட்டை நுழைத்தார். இரண்டரை மணி நேரம். கிளம்பும்போது, "ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, யு-போல்ட்டை இன்னொரு தடவை முறுக்கணும்" என்றார். கிளட்ச் பிளேட், ஜாயிண்ட் கிராஸ், பேரிங் எல்லாம் இதே கதைதான். வத்தலக்குண்டில் இல்லையென்றால் திண்டுக்கல்லில் இருக்கும், சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடும்.

கேம்பரில் ஒரு தொல்லை உண்டு. அது மஞ்சள் போர்டு, அதாவது சரக்கு வண்டியாகப் பதிவானது. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எஃப்சி (தகுதிச் சான்று), அதற்கப்புறம் வருடா வருடம். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வி-கிராஸுக்கு அந்த அலைச்சல் இல்லை. வாரம் ஒரு தடவை குடும்பத்தோடு மதுரை போய்வருகிறவர்கள் தாராளமாக அதையே வாங்கலாம்.

வண்டியில் கூடுதல் சாமான் பூட்டுவதில் நிறையப் பேர் தப்பான இடத்தில் செலவு செய்கிறார்கள். முன்னால் இரும்பு கார்டு வேண்டாம், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. டயர் ஆல்-டெரெய்ன் போதும், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது. சேற்றுக்கென்றே வரும் மட்-டெரெய்ன் சேற்றில் நன்றாகக் கடிக்கும், ஆனால் நாம் இரண்டு கிலோமீட்டர் சேற்றுக்காக அறுபது கிலோமீட்டர் தார் ரோட்டில் போகிறவர்கள், நனைந்த தாரில் அது வழுக்கும். சேற்றில் இறங்கும்முன் டயர் காற்றை இருபது சொச்சம் பிஎஸ்ஐ-க்குக் குறைத்துவிட்டு, தார் ஏறியதும் ஏற்றிக்கொள்ள ஒரு சின்ன கம்ப்ரசர் வாங்குங்கள். நல்ல இழுவைப் பட்டை ஒன்று, பட்டையை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையமான டி-ஷேக்கிள் இரண்டு, மண்வெட்டி ஒன்று. கொக்கியை சேஸிஸில்தான் மாட்டவேண்டும், பம்பரில் மாட்டினால் பம்பர்தான் கையோடு வரும். அப்புறம், காலி வண்டியாக மேடு ஏறினால் பின்சக்கரம் சும்மா சுற்றும். பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இரண்டு மணல் மூட்டை கட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மூட்டை நகராமல் கட்டுங்கள். வனத்துறை நிலத்துக்குள் மட்டும் வண்டியை இறக்காதீர்கள், நான் சொல்வதெல்லாம் பட்டா நிலத்துக்கும் தோட்டத்துப் பாதைக்கும்தான்.

பழைய கேம்பர் பார்க்கப் போனால் பெயின்ட்டைப் பார்க்கவேண்டாம். கீழே படுத்து சேஸிஸில் துரு எவ்வளவு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பாருங்கள். ஃபோர் வீலை ஈர மண்ணில் போட்டுப் பாருங்கள், முன்சக்கரம் மண்ணைப் பிடித்து இழுக்கவேண்டும். காய்ந்த தாரில் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள், திரும்பும்போது முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு கியர் பல்லுக்குத்தான் கேடு.