விஷ உறிஞ்சி பம்பு: கையுறைக்கே காசு போடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் தோட்டச் சாமான் விற்கும் கடைகளில், கடிபட்ட இடத்திலிருந்து விஷத்தை உறிஞ்சுமாம் என்று இந்த மஞ்சள் பம்பு தொங்குகிறது. விலை ஏறக்குறைய 30 வெள்ளி. பெட்டிக்குள் ஊசிக்குழல் மாதிரி ஒரு பம்பு, நாலு அளவில் கிண்ணங்கள், சவர பிளேடு, ஆல்கஹால் துண்டு, கையைக் கட்ட ஒரு பட்டை. பாம்பு, தேள், எட்டுக்கால் பூச்சி எதற்கும் ஆகுமாம். ‘விலங்குகளில் சோதித்தது’ என்றும் அட்டையில் போட்டிருக்கிறது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மட்டை அடுக்குகிறவர்கள் அந்த வரியை நம்பித்தான் வாங்குகிறார்கள்.

எந்த விலங்கு, எந்த விஷம் என்று அட்டையில் இல்லை. 2000-இல் அமெரிக்காவில் இத்தகைய உறிஞ்சியைப் பன்றிகளிடம் சோதித்தார்கள். போட்டது கிலுகிலுப்பைப் பாம்பின் விஷம். வீக்கம் குறையவில்லை. இரண்டு பன்றிகளுக்குக் கிண்ணம் பதிந்த இடத்தில், அதே வட்ட அளவில் தோல் புண்ணாகிச் சதை போனது. 2004-இல் மனிதர்களின் காலில் போலி விஷம் ஏற்றி, 3 நிமிடத்தில் உறிஞ்சியை வைத்தார்கள். ஏற்றியதில் வெளியே வந்தது 0.04 சதவீதம்தான். கிண்ணத்தில் சேரும் சிவப்பு நீரைப் பார்த்து விஷம் இறங்குகிறது என்று நினைக்க வேண்டாம். அது ரத்தமும் திசு நீரும். விஷம் அதற்குள் சதையில் பரவிவிடும், பல் பதிந்த துளையும் மூடிக்கொள்ளும்.

சிலந்தி விஷத்தில் விலங்குச் சோதனையை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். லோக்சோசெலிஸ் என்ற வகைச் சிலந்தியின் விஷம் முயலின் தோலை மனிதத் தோலைப் போலவே அழுக வைக்கும். எலிக்கு அப்படி ஆகாது. சிட்னி புனல்வலைச் சிலந்தி விஷத்தை முயலும் நாயும் பெரும்பாலும் தாங்கிவிடும், குரங்கும் மனிதனும் தாங்க மாட்டார்கள். அதனால்தான் 1981-இல் வந்த விஷமுறிவு மருந்துக்குக் குரங்குச் சோதனை தேவைப்பட்டது. ஆஸ்திரேலிய டாரன்டுலா என்ற பெரிய சிலந்தி கடித்தால் நேர்மாறு: நாய் சீக்கிரமே செத்துப்போகும், மனிதனுக்கு வலியும் வீக்கமும்தான். ஒரு விலங்கு பிழைத்தது என்பதை வைத்து நம் உடம்புக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

பிளேடால் கீறினால் கிருமி உள்ளே போகும். பட்டையை இறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும். இரண்டையும் குப்பையில் போடுங்கள். ஆல்கஹால் துண்டு மட்டும் உபயோகப்படும்.

எட்டுக்கால் பூச்சி கடித்தால் மோதிரம், வளையலை முதலில் கழற்றுங்கள், வீங்கினால் வராது. சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். பூச்சியைப் படம் எடுங்கள், பிடிக்கப் போகாதீர்கள். தசை பிடித்து இழுத்தாலோ, வாந்தி வந்தாலோ, கடித்த இடம் கறுத்தாலோ அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு முட்டினால் உடனே 999. பாம்புக்கடி என்றால் எதற்கும் காத்திருக்காமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே மருத்துவமனைதான்.

அதே 30 வெள்ளிக்கு தடித்த கையுறை வாங்குங்கள். பூட்ஸைத் தலைகீழாகத் தட்டிவிட்டுக் காலை விடுங்கள்.